சாலைக்கு நிலம் கேட்டு நோட்டீஸ் வந்தால்

எங்கள் பக்கத்தில் சாலை வரப்போகிற செய்தி முதலில் வரப்பில் நட்ட கல்லாகத்தான் வருகிறது. நாலு பேர் கருவியோடு வருவார்கள், அளப்பார்கள், சாயம் பூசிய கல்லை நட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் யாராவது என்னைத் தேடி வருவார்கள். "மேனேஜர் சார், நம்ம கயினியில கல்லு நட்டுட்டுப் பூட்டாங்க. இன்னா பண்றது?"

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் பயிர்க்கடனும் அடமானப் பத்திரமும் பார்த்தவன் என்பதால் வருகிறார்கள். இப்போது ஒரகடத்துக்குப் பக்கத்தில் நானும் ஓர் உழவன். அப்படி வந்தவர்களின் காகிதங்களைப் படித்துப் பார்த்ததில் தெரிந்ததை நம் இதழ் வாசகர்களுக்காக எழுதுகிறேன். நிலத்துக்கு மட்டுமல்லாமல் மரத்துக்கும் கிணற்றுக்கும் நிற்கிற பயிருக்கும், துண்டுபட்டுப்போன மிச்ச நிலத்துக்கும், வருமான இழப்புக்கும்கூட பணம் தரவேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் காகிதத்தில் இல்லாத எதுவும் அந்தக் கணக்கில் ஏறாது. இயற்கை உழவர்களாகிய நம்மிடமோ காகிதத்தில் ஏறாத சொத்துதான் அதிகம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக்கு நிலம் எடுப்பு புதிதல்ல. 1990களில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்ததிலிருந்து சிப்காட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. பிறகு ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம். ஆலைக்கு எடுத்தது போக, இப்போது ஆலையில் செய்த வண்டி துறைமுகம் போகச் சாலைக்கு எடுக்கிறார்கள். சென்னை எல்லைச் சாலை எண்ணூர் துறைமுகத்தில் தொடங்கி மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரி வரை ஏறக்குறைய 133 கிலோமீட்டர், ஐந்து பகுதிகள். மூன்றாம் பகுதி திருவள்ளூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வருகிறது. நான்காம் பகுதி, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் போகும் பழைய மாநில நெடுஞ்சாலையின் தடத்தில் போகிறது. இதுபோக, கர்நாடகத்தின் ஒசகோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை 262 கிலோமீட்டர் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை. 2018இல் ஊரையே கலக்கிய சென்னை–சேலம் எட்டுவழிச்சாலையும் காஞ்சிபுரம் மாவட்டத்தைத் தொட்டுத்தான் வரையப்பட்டது.

எல்லாம் சாலைதான் என்றாலும் சட்டம் ஒன்றல்ல. நோட்டீஸ் கைக்கு வந்ததும் முதலில் பார்க்கவேண்டியது அதன் தலைப்பில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்பதை.

எல்லைச் சாலைக்கு எடுப்பது தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001. விரைவுச்சாலைக்கும் எட்டுவழிச்சாலைக்கும் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956. நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிற 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் இந்த இரண்டு இடத்திலும் பாதிதான் வருகிறது. அதில் உள்ள சமூகத் தாக்க மதிப்பீடு, தனியார் திட்டங்களுக்குக் கேட்கவேண்டிய உழவர் ஒப்புதல், இவை சாலைக்குக் கிடையாது. இழப்பீட்டுக் கணக்கும் மறுவாழ்வுப் பகுதியும் மட்டும் உண்டு. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு அந்தப் பகுதிகளைப் பொருத்தி மத்திய அரசு 2015 ஆகஸ்டில் ஆணை போட்டது. தமிழ்நாட்டின் கதை இன்னும் சுற்றுவழி. மாநிலம் தன் நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு விலக்கு வாங்கிய திருத்தம் செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் மாநில அரசு புதிய சட்டம் இயற்றி, அதை முன்தேதியிட்டு உயிர்ப்பித்தது. 2021 ஜூன் 29 அன்று உச்சநீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே "2013 சட்டப்படி எங்க சம்மதம் இல்லாம எடுக்க முடியாது" என்று இன்றைக்கு யாராவது மேடையில் பேசினால் கைதட்டுங்கள், ஆனால் அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது. "நம்முது முப்போகம் வெளையிற நெலம், அதைத் தொடமாட்டாங்க." சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் விளைகிற ஏரிப்பாசன நிலத்தைப் பற்றிய பேச்சு இது. 2013 சட்டத்தின் 10ஆம் பிரிவு பாசனமுள்ள பலபோக நிலத்தைக் கடைசி வழியாகத்தான் எடுக்கவேண்டும் என்று சொல்வது உண்மை. அதே பிரிவின் கடைசியில், ரயில் பாதை, நெடுஞ்சாலை, கால்வாய், மின்பாதை போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்கு இது பொருந்தாது என்றும் எழுதியிருக்கிறது. நஞ்சை நிலத்தைக் காக்கப் போட்ட வேலியில் சாலை போகிற அளவுக்கு ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள்.

பதில் சொல்ல எத்தனை நாள்

மாநிலச் சட்டத்தில் 15(2) பிரிவு நோட்டீஸ்தான் நமக்குப் பேசக் கிடைக்கிற இடம். "ஏன் எடுக்கக்கூடாது?" என்று காரணம் கேட்டு நில உரிமையாளருக்கும் அதில் உரிமை உள்ள மற்றவர்களுக்கும் அது வரவேண்டும். எந்த நாளுக்குள் பதில் சொல்லவேண்டும் என்பது அதிலேயே இருக்கும். அதற்குப் பிறகு 15(1) அறிவிக்கை அரசிதழில் வந்த அன்றே நிலம் அரசுடையது. அடுத்து ஆட்சியரின் உத்தரவு வந்தால் 30 நாளில் ஒப்படைக்கவேண்டும்.

மத்தியச் சட்டத்தில் 3ஏ அறிவிக்கை வந்து 21 நாளுக்குள் ஆட்சேபணை. இந்த 21 நாள் அரசிதழில் வெளியான தேதியிலிருந்து ஓடும். உங்கள் கைக்குத் தபால் வந்த தேதியிலிருந்து அல்ல. இரண்டு நாளிதழில் சுருக்கம் வரும், ஒன்று தமிழ் நாளிதழாக இருக்கும். ஊரில் ஒருவராவது தினமும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பது நல்லது. பிறகு 3டி அறிவிக்கை, அன்றைக்கு நிலம் மத்திய அரசுக்கு. 3ஏ வெளியாகி ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் 3ஏ காலாவதி. நீதிமன்றத் தடை இருந்த நாட்களைக் கழித்துக் கணக்கிடுவார்கள்.

எட்டுவழிச்சாலை வழக்கில் நமக்குப் பயனுள்ள ஒரு விஷயம் பலருக்குத் தெரியாமலே போயிற்று. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்று மாற்றிவிட்டது. உழவர் தோற்றுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஆனால் அதே தீர்ப்பில், நிலம் அரசுக்கு உரிமையாகும் முன்பே வருவாய்க் கணக்கில் பெயர் மாற்றியது தவறு, பழையபடி உழவர் பெயரையே எழுதவேண்டும் என்பதையும் உறுதி செய்திருக்கிறார்கள். ஆகவே கல் நட்டதாலேயே பட்டா போய்விடாது. 3டி அல்லது 15(1) வரும்வரை நிலம் உங்களுடையது. பயிர் வைக்கலாம், கடன் கேட்கலாம், கிணறு தூர்வாரலாம். "கல் நட்ட நெலம், இனிமே எதுக்கு எரு அடிக்கணும்" என்று நிலத்தைத் தரிசாகப் போடுகிறவர்கள்தான் எனக்கு அதிக வருத்தம் தருகிறார்கள். அடங்கலில் 'தரிசு' என்று ஏறிவிட்டால், அளக்க வருகிற அதிகாரிக்கு அங்கே பயிரும் இல்லை, பயிர் இழப்பும் இல்லை.

ஆட்சேபணை மனுவில் என்ன எழுதுவது? நான் பார்த்த மனுக்களில் பாதி, 'பரம்பரை நிலம், எங்கள் வாழ்வாதாரம்' என்று ஒரே வாசகத்தில் ஜெராக்ஸ் எடுத்துப் பெயர் மட்டும் மாற்றிக் கொடுத்தவை. வாழ்வாதாரம் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட நூறு மனுவுக்கும் ஒரே வரியில் பதில் எழுதி முடித்துவிடலாம். ஒரு வரியில் பதில் எழுத முடியாதது தண்ணீர்.

தண்ணீர் கிழக்கே போகிறது

இந்த வட்டாரத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கிச் சரிகிறது. ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு. அப்படியே கோர்த்துக்கொண்டு போய்ச் செம்பரம்பாக்கத்துக்கோ அடையாற்றுக்கோ சேரும். எல்லைச் சாலை பெரும்பாலும் வடக்கு தெற்காகப் போகிறது. வடகிழக்குப் பருவமழைக்குக் குறுக்கே போட்ட கரை என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுபாலம் வைத்த இடத்தில் மட்டும் தண்ணீர் தாண்டும். மற்ற இடத்தில் மேற்கே தேங்கும், கிழக்கே வறளும்.

பெரிய வரத்துக் கால்வாய்களைச் சாலைப் பொறியாளர்கள் விட்டுவிடுவதில்லை. அவை கிராம வரைபடத்தில் தனிச் சர்வே எண்ணோடு வாய்க்கால் புறம்போக்காக இருக்கும். தப்பிப்போவது மதகுக்குக் கீழே உள்ள பாசனம். நம் ஏரிகளில் பல இடங்களில் தண்ணீர் வயலுக்கு வயல் மடை வழியாகத்தான் பாய்கிறது. அதற்கு வரைபடம் கிடையாது. புலப்படத்தில் வயலின் எல்லை இருக்கும், மடை இருக்காது. தண்ணீர் எந்த மடையிலிருந்து எந்த மடைக்குப் போகிறது என்பது நீர்க்கட்டிக்கும் அந்த வயல்காரர்களுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த அறிவைத்தான் காகிதமாக்கவேண்டும்.

ஊரில் பத்துப் பேர் சேர்ந்து, கிராம வரைபடத்தின் நகலை வைத்துக்கொண்டு, எந்தச் சர்வே எண்ணிலிருந்து எந்தச் சர்வே எண்ணுக்குத் தண்ணீர் இறங்குகிறது என்று அம்புக்குறி போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஓடும்போது தேதியோடு படம் எடுத்து வையுங்கள். சித்திரையில் எடுத்த படத்தில் வாய்க்கால் வெறும் பள்ளமாகத்தான் தெரியும். ஏரியின் ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். அந்த அலுவலகத்திலிருந்து ஆயக்கட்டுக் கணக்கை எழுதி வாங்கி மனுவோடு சேர்க்கலாம்.

கேட்பதையும் திட்டவட்டமாகக் கேட்கவேண்டும். 'பாசனத்துக்கு ஏற்பாடு செய்க' என்பது யாரையும் கட்டுப்படுத்தாது. 'இன்ன சர்வே எண்ணுக்கும் இன்ன சர்வே எண்ணுக்கும் இடையே, வயலின் மட்டத்திலேயே அடிமட்டம் வைத்த சிறுபாலம் வேண்டும்' என்று எழுதுங்கள். அடிமட்டம் முக்கியம். அரை அடி உயர்த்தி வைத்துவிட்டால் மேற்கு வயலில் அரை அடித் தண்ணீர் எப்போதும் நிற்கும். நாற்று அழுகும். அந்த அரை அடியை ஒப்பந்தக்காரர் போன பிறகு யாராலும் இறக்க முடியாது.

விரைவுச்சாலை என்றால் இன்னொன்றும் கேட்கவேண்டும். அது நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட சாலை. இரு பக்கமும் வேலி இருக்கும். இந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகையும் அந்தப் பக்கம் கழனியுமாக நிலம் பிரிந்துவிட்டால், எருவண்டியை ஓட்டிக்கொண்டு அடுத்த சுரங்கப்பாதை வரை போய்ச் சுற்றி வரவேண்டும். டிராக்டர் உழவனுக்கு அது டீசல் செலவு. மாட்டை வைத்து உழவு செய்கிறவனுக்கு அது விவசாயத்தையே விட்டுவிடுகிற தூரமாகவும் ஆகலாம். சுரங்கப்பாதை எங்கே வரவேண்டும் என்பதை ஆட்சேபணைக் கட்டத்திலேயே கேட்டால்தான் வரைபடத்தில் ஏறும்.

மண்ணைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள். சாலைக்கரை போடும் முன் மேலே உள்ள ஆறு அங்குல மண்ணை வழித்து ஒதுக்குவது வழக்கம். கரிமம் நிறைந்த மேல்மண் கரை கட்ட உதவாது. பத்து வருஷம் பலதானியம் விதைத்து மடக்கி உழுது, தொழுவுரம் போட்டு, மண்புழு வரவழைத்த மண் அவர்களுக்குக் கழிவு. 'அதை எங்கள் மிச்ச நிலத்தில் கொட்டுங்கள்' என்று எழுதிக் கேட்பதில் தவறில்லை. கரைக்கு வேண்டிய சவுடு மண்ணுக்கு நம் ஏரியையே தோண்ட வருவார்கள். எந்த இடத்தில் எத்தனை ஆழம் என்பதை ஊர் கவனிக்காவிட்டால், மதகுக்கு ஏறாத பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் ஏரிதான் மிஞ்சும்.

வங்கிக்காரன் என்ற முறையில் இன்னொரு வழியும் சொல்கிறேன். கடன் கொடுப்பவர் போடும் நிபந்தனையைக் கடன் வாங்கியவர் மீற முடியாது. எல்லைச் சாலையின் முதல் பகுதிக்கு ஜப்பானின் ஜைக்கா கடன் தருகிறது. ஜைக்காவுக்குச் சுற்றுச்சூழல், மறுகுடியமர்வு பற்றிய சொந்த விதிமுறைகளும், பாதிக்கப்பட்டவர் நேரடியாக முறையிடும் வழியும் உண்டு. உங்கள் ஊர் வழியாகப் போகும் பகுதிக்கு யார் கடன் தருகிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள். பன்னாட்டு நிதி அமைப்பு என்றால் மறுகுடியமர்வுத் திட்ட அறிக்கை இருக்கும். அதில் உங்கள் ஊர்ப் பெயருக்கு எதிரே எத்தனை குடும்பம், எத்தனை கிணறு என்று எழுதியிருக்கிறார்கள் என்று சரிபாருங்கள்.

விலை எப்படி வருகிறது

2013 சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி சந்தை மதிப்புக்கு முக்கியமாக இரண்டு அளவு. பத்திரப்பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு ஒன்று. அக்கம்பக்கத்தில் அதே மாதிரி நிலத்துக்குக் கடந்த மூன்று ஆண்டில் பதிவான கிரயங்களில், விலை கூடுதலான பாதியை மட்டும் எடுத்துப் போடும் சராசரி இன்னொன்று. எது அதிகமோ அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்தில் நிலம் விற்பவர் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் எழுதி மீதியைக் கையில் வாங்குவது பல வருஷப் பழக்கம். அப்படி எழுதிய பத்துப் பத்திரத்தில் எந்த ஐந்தை எடுத்தாலும் சராசரி வழிகாட்டி மதிப்பாகத்தான் இருக்கும். முத்திரைத்தாளில் மிச்சம் பிடித்தவர் எப்போதோ ஊரைவிட்டுப் போயிருப்பார். அவர் எழுதிய விலை, விற்காமல் உழுதுகொண்டிருப்பவர் தலையில் விடிகிறது. போதாக்குறைக்கு 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். பதிவுச் செலவு குறையும் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நிலம் எடுக்கப்படுகிறவருக்கு அது வேறு செய்தி.

வழிகாட்டி மதிப்பை மட்டும் வைத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021 ஜூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன எம். ஹக்கீம் வழக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்கள் வழக்கு. அதிகாரி போட்டது ஒரு சதுர மீட்டருக்கு 46 ரூபாய் 55 காசிலிருந்து 83 ரூபாய் 15 காசு வரை. ஏக்கர் கணக்கில் ஏறக்குறைய 1 லட்சத்து 88 ஆயிரத்திலிருந்து 3 லட்சத்து 36 ஆயிரம். நடுவராக இருந்த மாவட்ட ஆட்சியரும் அதையே வைத்தார். மாவட்ட நீதிமன்றம் சதுர மீட்டருக்கு 645 ரூபாய் ஆக்கியது, அதாவது ஏக்கர் சுமார் 26 லட்சம். அப்படி நீதிமன்றமே தொகையை மாற்றி எழுத அதிகாரமில்லை என்று உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அநியாயம் கண்கூடாகத் தெரிந்ததால் அந்த உழவர்களுக்குக் கிடைத்ததைத் தொடவில்லை. 2025 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சில குறுகிய காரணங்களுக்கு மட்டும் திருத்தலாம் என்று கொஞ்சம் கதவு திறந்திருக்கிறது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது, மத்தியச் சட்டத்தில் நடுவர் முன்பாகவே எல்லாச் சான்றையும் வைத்துவிடவேண்டும் என்பது. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒன்றையும் மிச்சம் வைக்கக்கூடாது. ஆகவே பதிவு அலுவலகத்தில் நீங்களே மூன்று ஆண்டுக் கிரயங்களுக்கு நகல் போட்டு வாங்குங்கள். உண்மை விலை எழுதிய பத்திரம் ஒன்றிரண்டாவது இருக்கும். வங்கிக் கடனில் வாங்கியவர்களின் பத்திரங்கள் பெரும்பாலும் அப்படி இருக்கும். கல் நட்ட பிறகு சொந்தக்காரருக்குள் விலை ஏற்றிப் பத்திரம் போடுவது வேலைக்கு ஆகாது. உண்மை விலையைக் காட்டாத கிரயத்தை ஒதுக்க ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு.

கணக்கை ஓர் உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம். சந்தை மதிப்பு ஏக்கர் 40 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமப்புறம் என்றால் நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து 1 முதல் 2 வரை ஒரு பெருக்கு எண் உண்டு. 1.25 என்று கொண்டால் 50 லட்சம். அதில் மரம், கிணறு, கொட்டகை 6 லட்சம் சேர்த்தால் 56. இந்த 56க்கு இணையாக இன்னொரு 56 ஆறுதல் தொகை. மொத்தம் 112 லட்சம். சந்தை மதிப்பின்மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் தனி. முதல் அறிவிக்கையிலிருந்து தீர்வம் அல்லது சுவாதீனம், எது முந்தியோ அதுவரை.

ஆறுதல் தொகை மரத்தின் மேலும் வருகிறது என்பதைக் கவனித்தீர்களா? மரத்துக்கு ஒரு ரூபாய் எழுதினால் கைக்கு இரண்டு ரூபாய். விட்டுப்போன மரத்துக்கும் இழப்பு இரண்டு மடங்கு. பழமரத்துக்குத் தோட்டக்கலைத் துறை, தடிமரத்துக்கு வனத்துறை, கிணறு கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறை என்று மதிப்புப் போடுவது வழக்கம். வேலியோரத்து வேம்பு, பனை, நுணா, கிளுவை, நாம் மண்ணுக்கும் பறவைக்கும் என்று விட்டுவைத்தது எல்லாம் அவர்கள் கண்ணுக்குப் புதர். அளவெடுக்க வரும் நாளில் கூடவே நடங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, சுற்றளவு எழுதி, அவர்கள் பட்டியலோடு ஒத்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

நம்முடைய காகிதங்கள்

28ஆம் பிரிவில் மிச்ச நிலம் துண்டுபடுவதால் வரும் சேதம், மற்ற சொத்துக்கும் வருமானத்துக்கும் வரும் சேதம் என்று தனித்தனித் தலைப்புகள் இருக்கின்றன. கடைசியில், நியாயத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் நன்மையையும் கருதி வேறு எந்தக் காரணமும் சேர்க்கலாம் என்ற ஒரு தலைப்பும் உண்டு. இயற்கை உழவர் உட்காரவேண்டிய இடம் இதுதான். உயிருள்ள மண்ணுக்கு என்று சட்டத்தில் தனி வரி கிடையாது.

சான்று வாங்கியவர்களுக்குப் பலமான ஒரு வாதம் இருக்கிறது. சான்று ஆளுக்கு மட்டுமல்ல, சர்வே எண்ணுக்கும் சேர்த்துத்தான். தேசிய அங்கக உற்பத்தித் திட்ட விதிப்படி, வேறு இடத்தில் நிலம் வாங்கினால் பருவப் பயிருக்கு இரண்டு ஆண்டும் பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டும் மாற்றக் காலம். அத்தனை வருஷம் இயற்கை முறையில் விளைவித்தும் இயற்கை என்று முத்திரை போட்டு விற்க முடியாது. சாதாரண விலைக்கும் நம் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை விற்பனை ரசீதிலிருந்து எடுத்து, இரண்டால் அல்லது மூன்றால் பெருக்கினால் அது வருமான இழப்பு. யாரும் மறுக்க முடியாத எண். ஆனால் ரசீது வேண்டுமே. நம்மில் பலர் பாரம்பரிய நெல்லை அரிசியாக்கித் தெரிந்தவர்களுக்கு மூட்டை மூட்டையாகக் கையில் காசு வாங்கி விற்கிறோம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, அளவு, விலை எழுதிப் பணத்தை வங்கிக் கணக்கில் போட்டால் போதும். கூடவே பங்கேற்பு உறுதிச் சான்றுக் குழுவின் ஆவணம், வருஷா வருஷம் மண் பரிசோதனை அறிக்கை. அடங்கலில் ஊடுபயிரும் கிணறும் மரமும் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒவ்வொரு பசலிக்கும் பாருங்கள். கீரையும் தட்டைப்பயறும் வரப்பு உளுந்தும் இருக்கிற நிலத்துக்கு அடங்கலில் 'நெல்' என்று ஒரே சொல்தான் இருக்கும்.

கூட்டுப் பட்டாதான் எனக்கு வங்கியிலும் தலைவலி, இங்கேயும் தலைவலி. தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும், ஏழு வாரிசு இருப்பார்கள், பாகப்பிரிவினை வாய்வார்த்தை. அண்ணன் தம்பிக்குள் பங்குத் தகராறு என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும், தொகை நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நிலம் போய்விடும், பணம் வராது. சாலை வந்தாலும் வராவிட்டாலும் இந்த வருஷமே வாரிசுச் சான்று வாங்கி, உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்கிவிடுங்கள். அடமானக் கடன் இருந்தால் வங்கியின் பாக்கி முதலில் கழியும். பாக்கிக் கணக்கை முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள்.

தனிப் பேச்சுவார்த்தையில் விலை சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் பிறகு கூடுதல் கேட்க இடமில்லை என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். அவசரத்துக்குப் பணம் வேண்டியவருக்கு அதுவே சரியாகவும் இருக்கலாம், நான் குறை சொல்லமாட்டேன். சம்மதமில்லாமல் தீர்வத் தொகையை வாங்குகிறவர், 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று தன் கையாலேயே எழுதி, நகலை வைத்துக்கொண்டு வாங்கவேண்டும். 2013 சட்டப்படியான தீர்வத்துக்கு வருமான வரி இல்லை என்று அதன் 96ஆம் பிரிவு சொல்கிறது. நேரடி வரிகள் வாரியமும் 2016 அக்டோபரில் சுற்றறிக்கை போட்டிருக்கிறது. யாராவது வரி பிடித்துக்கொண்டு கொடுத்தால் ஏன் என்று எழுதிக் கேளுங்கள்.

நிலமே இல்லாதவர்களும் இதில் இருக்கிறார்கள். குத்தகைக்கு உழுகிறவரும், மூன்று ஆண்டாக அந்த நிலத்தையே நம்பிக் கூலி வேலை செய்கிறவரும் 2013 சட்டத்தில் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'. வேலை, அல்லது ஒரே தவணையில் 5 லட்சம், அல்லது 20 ஆண்டுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்று அவர்களுக்கு மறுவாழ்வு வழி இருக்கிறது. ஆனால் அவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும் இருப்பதில்லை. குத்தகைதாரர் பெயரை அடங்கலில் எழுத நில உரிமையாளர்கள் பயப்படுகிறார்கள். நிலம் கைமீறிவிடும் என்ற பயம். அதை ஒரு கட்டுரையால் போக்க முடியாது. கூலி ஆட்கள் விஷயத்தில் அந்தப் பயத்துக்கே இடமில்லை. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு கொடுத்தோம் என்று ஒரு சம்பள நோட்டில் எழுதி, அவர் கைநாட்டோ கையெழுத்தோ வாங்கி வைத்தால் அவர் அந்த நிலத்தில் இருந்தார் என்பதற்கு அது சான்று. நடவுக்கு வரும் ஆட்களிலிருந்து தொடங்கலாம்.